தீயிலிருந்து பிறந்த பாட்டு

டீப் பர்ப்பிள் ராக் இசைக்குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டு என்றதும் பலருக்கு ரிச்சி பிளாக்மோரின் கிட்டார்தான் காதில் ஒலிக்கும். ஆனால் அதன் வரிகள் ஒரு செய்தியறிக்கை போன்றவை. 1971 டிசம்பர் 4 அன்று, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்ட்ரூ நகரச் சூதாட்ட விடுதி அரங்கில் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி நடந்தது. பார்வையாளர் ஒருவர் சுட்ட ஒளிக்குண்டு கூரையில் பட்டு, கட்டடமே எரிந்து சாம்பலானது. மோன்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கிய குளோட் நோப்ஸ் உள்ளே சிக்கியவர்களை வெளியேற்ற உதவினார், உயிரிழப்பு இல்லை. அதே அரங்கில் ஒலிப்பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஏரிமேல் புகை படர்வதைப் பார்த்து நின்றார்கள். பாட்டின் தலைப்பு குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவருக்குத் தோன்றியது.

கிட்டார் இசை இல்லாவிட்டால் இந்த வரிகளை யார் கேட்டிருப்பார்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இசைதான் முதலில் பதிவானது. அதுவும் வேறொரு அரங்கில், இரைச்சல் தாங்காத அக்கம்பக்கத்தார் புகாரால் காவலர்கள் வந்து கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தமாக. பாடல் வரிகள் பின்னர்தான் சேர்ந்தன. ஆனால் அந்த வரிகள் எதையும் மிகைப்படுத்தவில்லை. இடம், ஆட்கள், நடந்தது என்று அப்படியே சொல்கின்றன. 1972-இல் 'மெஷின் ஹெட்' தொகுப்பில் வெளியான இந்தப் பாட்டைக் குழுவினரே பெரிதாக நினைக்கவில்லை. தனிப்பாடலாக 1973-இல்தான் வந்தது, அமெரிக்காவில் நான்காம் இடம் வரை ஏறியது.