மலைப்பாதையில் தம்பிக்கு ஏன் குமட்டுகிறது?

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகிறீர்களா? தாப்பாவிலிருந்து ஏறும் சாலையில் வளைவுகள் அதிகம். கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டே வரும் தம்பி திடீரென வாந்தி எடுக்கலாம். ஏன் தெரியுமா?

ஒவ்வோர் உட்செவியிலும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. கார் திரும்பும்போது அவை, ‘நகர்கிறோம்’ என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. திரையையே பார்க்கும் கண்களோ, ‘அசையவில்லை’ என்கின்றன. இந்த முரண்பாடே குமட்டலைத் தூண்டுகிறது. 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம். வளைவை முன்கூட்டியே பார்த்துத் திருப்பும் ஓட்டுநருக்கு அரிது.

ஆகவே, புறப்படுமுன் தம்பிக்கு வயிறு முட்ட உணவு கொடுக்காதீர்கள். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, முன்கண்ணாடி வழியே தூரத்து மலையைக் காட்டுங்கள். அவன் முகம் வெளிறினால், பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். சற்று நேரம் வெளிக்காற்று பட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடுவான்.