மனவுறுதி பாதி, கைப்பிடி பாதி

உடல் நொறுங்கிய பிறகும் மலைக்கும் பந்தயத் தடத்துக்கும் திரும்பியவர்களைப் புகழ்கிறோம். அவர்கள் திரும்புவதற்கு என்னவெல்லாம் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை.

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. 164 மீட்டர்கூட முழுசாக இல்லை. எவரெஸ்ட்டை எட்ட வேண்டுமானால் அதை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறத்தாழ 54 முறை அடுக்க வேண்டும். ஆண்டு முழுக்க வியர்க்கிற இந்த ஊரில் மலையேறிகளுக்கு வாய்த்த மலை, அடுக்குமாடிக் கட்டடங்களின் படிக்கட்டுதான். முதுகில் பாரத்தைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள், இறங்குவார்கள், மறுபடி ஏறுவார்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அப்படிப் பழகிய ஊரிலிருந்து 1998-ல் முதல் சிங்கப்பூர்க் குழு எவரெஸ்ட்டுக்குப் போனது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், முந்தைய ஆண்டு மே 23 அன்றே எம்.மகேந்திரனும் என்.மோகன்தாசும் மலேசியாவின் முதல் எவரெஸ்ட் வெற்றியைப் பெற்றிருந்தார்கள். இருவரும் இந்திய வம்சாவளியினர். சிங்கப்பூரின் முறை 1998 மே 25 அன்று வந்தது. எட்வின் சியூவும் கூ சுவீ சியோவும் உச்சியைத் தொட்டார்கள்.

குழுவை நடத்திச் சென்ற டேவிட் லிம் உச்சிக்குப் போகவில்லை. ஊர் திரும்பிய சில நாட்களில் அவரால் சொந்தமாக மூச்சுவிடவும் முடியாமல் போனது.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

அவரைத் தாக்கியது கில்லன் பாரே நோய். 1916-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது. 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தபோது நம் செய்தித்தாள்களிலும் இந்தப் பெயர் அடிபட்டது. ஏதோ ஒரு தொற்றை எதிர்க்கக் கிளம்பும் நோய் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி சொந்த நரம்புகளையே தாக்கிவிடுகிறது. பெரும்பாலும் காலில் தொடங்கும் பலவீனம் மேலே ஏறுகிறது. மூச்சுத் தசை வரை போனால் செயற்கைச் சுவாசக் கருவிதான் கதி. உடல் அசையாது, ஆனால் மூளை தெளிவாக இருக்கும். நடப்பதெல்லாம் நோயாளிக்குத் தெரியும்.

லிம் ஆறு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். இந்த நோயில் நரம்பின் மேலுறை மட்டும் சிதைந்திருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகலாம். உள்ளிருக்கும் நரம்பிழையே அறுந்திருந்தால், அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முதுகுத்தண்டிலிருந்து பாதத்துக்கு ஒரு மீட்டர் தூரம் என்றால் கணக்கு மூன்று ஆண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வழியிலேயே நின்றுவிடும் இழைகளும் உண்டு.

அதனால்தான் இந்த நோயிலிருந்து எழுந்த பலருக்குப் பாதத்தில் குறை தங்கிவிடுகிறது. காலைத் தூக்கினால் பாதத்தின் முன்பகுதி கூடவே எழாமல் தொங்கும். சமதரையில் சமாளித்துவிடலாம். படியில்தான் சிக்கல்: கட்டைவிரல் படியின் விளிம்பில் தட்டும். பனிமலையில் இன்னும் மோசம். அங்கே காலணிக்கு அடியில் கட்டிய இரும்பு முட்களின் முன்பற்களைச் செங்குத்துப் பனியில் உதைத்து இறக்கி, கெண்டைக்கால் பலத்தில் நிற்க வேண்டும். அந்தப் பலமே வராத கால் என்றால், ஒவ்வொரு அடியையும் இடுப்பிலிருந்து வீசிப் போட வேண்டும். சக மலையேறிக்கு ஓர் அடி. இந்தக் கால் உள்ளவருக்கு அது ஒரு வேலை.

லிம்முக்கும் காலில் நிரந்தரக் குறை தங்கியது. ஆனாலும் 2000-ல் ஒரு சிங்கப்பூர்க் குழுவைத் தென் அமெரிக்காவின் ஆக உயரமான அகோன்காகுவாவுக்கு அழைத்துப் போனார். பிற்பாடு தியான்ஷான் மலைத்தொடரில் அதுவரை யாரும் ஏறாத சிகரங்களைத் தேடிப் போனார். அவற்றில் ஒன்றுக்கு மறைந்த அதிபர் ஓங் டெங் சியோங்கின் பெயர் சூட்டப்பட்டது. பழைய வேகம் இல்லை. இருக்கும் வேகத்துக்கேற்ற மலையையும் பருவத்தையும் கூட்டாளிகளையும் தேர்ந்தெடுத்தார்.

பயமில்லாதவர்களா?

நம் வீடுகளில் இதற்கெல்லாம் லேசில் சம்மதம் கிடைக்காது. “பிழைச்சதே பெரிசு, இனி அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே” என்பார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று பழமொழியே இருக்கிறது. அதையும் மீறிப் போகிறவர்களைப் ‘பயமறியாதவர்கள்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். உண்மையில் அவர்களைவிடப் பயத்தைத் துல்லியமாக அறிந்தவர்கள் இல்லை. எந்த மூட்டு எவ்வளவு மடங்கும், எந்த விரலின் பிடி எப்போது நழுவும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

சிங்கப்பூரின் மரினா பே ஃபார்முலா ஒன் தெருப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு ராபர்ட் குபிட்சாவைத் தெரிந்திருக்கும். போலந்துக்காரர். 2010 சிங்கப்பூர் கிராண்ட் பிரீயில் ஏழாவதாக வந்தார். 2011 பிப்ரவரி 6 அன்று, இத்தாலியில் ஒரு சிறிய ரேலிப் பந்தயத்தில், சாலையோரத் தடுப்பு அவர் காரைத் துளைத்துக்கொண்டு போனது. வலது முன்கை துண்டாகும் நிலை. மருத்துவர்கள் கையைக் காப்பாற்றினார்கள். பழைய அசைவைத் திருப்பித் தர முடியவில்லை.

அவர் நேரே ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பவில்லை. 2012-ல் மறுபடி ரேலி. 2013-ல் உலக ரேலியின் இரண்டாம் நிலைப் பிரிவில் பட்டம். 2017-ல் பழைய ஃபார்முலா ஒன் காரில் ஒரு சோதனை ஓட்டம். 2019-ல்தான் வில்லியம்ஸ் அணியில் இடம். கியர் மாற்றும் வேலை இடக்கைக்கு வரும்படி ஸ்டீயரிங்கை மாற்றியமைத்தார்கள். அந்தச் செப்டம்பரில், இரவிலும் புழுங்கும் மரினா பேயில், சுவர்களுக்கு நடுவே 61 சுற்றும் ஓட்டி முடித்தார். பதினாறாவது இடம்.

ஏழு, பதினாறு என்று இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு ஆளை எடைபோட்டவர்கள் உண்டு. அந்த ஆண்டு வில்லியம்ஸ் அணி எடுத்த ஒரே புள்ளி குபிட்சா எடுத்தது என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. 2025 ஜூனில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஃபெராரி காரில் வென்ற மூவரில் அவரும் ஒருவர். அவர் பட்ட பாட்டில் ஒரு துளியையும் குறைக்க வேண்டாம். ஆனால் யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து அந்தக் கியர்ப் பிடியை இடக்கைக்கு மாற்றிக் கொடுக்காவிட்டால், எத்தனை மனவுறுதி இருந்தும் கார் முதல் கியரைத் தாண்டியிருக்காது.

வாசலை அடைப்பவர்கள்

சில இடங்களில் தடையாக நிற்பது சட்டம். விபத்தில் ஒரு பாதத்தை இழந்த டாம் விட்டேக்கர், எவரெஸ்ட்டில் ஏறிய முதல் மாற்றுத்திறனாளி. சிங்கப்பூர்க் குழு உச்சியை அடைந்த இரண்டாம் நாள், 1998 மே 27 அன்று அங்கே நின்றார். 2013-ல் ஒற்றைச் செயற்கைக் காலுடன் அருணிமா சின்ஹா ஏறினார். இத்தனைக்கும் பிறகு, 2017 இறுதியில் நேபாள அரசு இரண்டு காலும் இழந்தவர்களுக்கு எவரெஸ்ட் அனுமதி கிடையாது என்று விதி போட்டது. ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்து இரண்டு காலையும் முழங்காலுக்கு மேலே இழந்த முன்னாள் கூர்க்கா வீரர் ஹரி புத்த மகர் அப்போது பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். விதி உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. 2023 மே 19 அன்று, குட்டையான செயற்கைக் கால்களுடன் அவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

பாதுகாப்பு என்ற பெயரில் வாசலை அடைப்பது அதிகாரிகளுக்கு எளிது. ஏற முடியுமா முடியாதா என்பதை ஏறுபவரும் அவரது வழிகாட்டியும் மலையும் சேர்ந்து தீர்மானிக்கட்டும் என்று விடுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

தேக்காவின் உயரங்கள்

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலைக் கடைகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் காலில் குறையுள்ள ஒருவருடன் நடந்தால் ஊர் வேறாகத் தெரியும். ஒரு கடை வாசல் ஒரு மட்டம், அடுத்த கடை இன்னொரு மட்டம். நடுவே ஒரு படி. படியில் பூக்கூடை, காய்கறிப் பெட்டி. ஒரு முழத்தூரத்துக்குள் இரண்டு ஏற்றம், ஓர் இறக்கம்.

ஊர் மாறாமலும் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் மின்தூக்கி குறிப்பிட்ட சில மாடிகளில் மட்டும் நின்ற காலம் இருந்தது. 2001-ல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் மாடிக்கு மாடி நிற்கத் தொடங்கியது. மலையேறிக்குப் பயிற்சிக்களமாக இருந்த அதே படிக்கட்டு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவருக்குச் சிறைக்கதவாகவும் இருந்தது. பழைய எம்ஆர்டி ரயில் நிலையங்களிலும் மின்தூக்கி பின்னாளில்தான் வந்தது. வீட்டுக் கதவைத் தாண்ட முடியாதவருக்கு மலையின் அடிவாரமே எட்டாது. விளையாட்டுக்குத் திரும்பும் பயணத்தில் முதல் முகாம் அந்த மின்தூக்கிதான்.

இதே தேக்காவில், வேலையில் அடிபட்ட வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஒரு தொண்டமைப்பு 2008 முதல் இலவச உணவு தந்துவருகிறது. சாரத்திலிருந்து விழுந்தவர், இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர் என்று வரிசையில் நம் ஊர்க்காரர்களும் நிற்பார்கள். இழப்பீட்டு வழக்கு முடியும்வரை பலருக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. உயரத்தில் ஏறுவது இவர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை, அது சம்பளம். சட்டம் மருத்துவச் செலவைக் கேட்கிறது, விடுப்புச் சம்பளத்தைக் கேட்கிறது, இயலாமை எத்தனை விழுக்காடு என்று கேட்கிறது. கேட்க வேண்டியதுதான். ஊரில் கபடி ஆடியவரா, ஞாயிறுதோறும் திடலில் பந்து வீசியவரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கூலிக்காரனுக்கு விளையாட்டு எதற்கு என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது.

மறுவாழ்வு மருத்துவத்தில் நோயாளிக்கு ஓர் இலக்கு வைப்பது வழக்கம். ‘கையை இத்தனை பாகை தூக்க வேண்டும்’ என்பது மருத்துவரின் இலக்கு. ‘மறுபடி பந்து வீச வேண்டும்’ என்பது அந்த மனிதரின் இலக்கு. இரண்டாவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் முதலாவதும் சீக்கிரம் கைகூடலாம். காயத்தின் விழுக்காட்டை எழுதும் தாளில் ‘முன்பு என்ன விளையாடினீர்கள்?’ என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. எவரெஸ்ட் குழுத் தலைவரைக் கேட்ட மாதிரியே சாரம் கட்டியவரையும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.