சர்வரின் வாயில்: நெட்வொர்க் கார்டைப் பொருத்துதலும் பழுது அறிதலும்

இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும், மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் ஏலம் நடைபெற்று வருகிறது. முற்காலத்தில் வியாபாரிகள் ஒரு கூடத்தில் கூடி, வாய்மொழியாக விலை கேட்பது வழக்கம். 2007-ஆம் ஆண்டில் நறுமணப் பொருள்கள் வாரியம் இம்முறையை மாற்றி, மின்னணு ஏலத்தைப் புகுத்திற்று. அதன்பின் ஒவ்வொரு வியாபாரியும் தம் எதிரிலுள்ள கருவியின் விசையை அழுத்தி விலையைத் தெரிவிக்கலானார். 2021-ஆம் ஆண்டில், இவ்விரு ஊர்களிலும் அமர்ந்திருப்போர் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளவும் வகை செய்யப்பட்டது.

இத்தகைய ஏற்பாட்டில் கேள்விகள் யாவும் ஒரு தலைமைக் கணினியைச் சென்றடைகின்றன. பிற கணினிகள் வேண்டுவனவற்றை வழங்கும் இக்கணினியைச் சர்வர் என்பர். சர்வர் எவ்வளவு விரைவாக இயங்கினாலும், வியாபாரி அழுத்திய விசையின் செய்தி அதனை வந்தடையாவிடில், அவர் கேட்ட விலை கேட்கப்படாத விலையே ஆகும். ஓராண்டு உழைப்பின் பயனை மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கும் விவசாயிக்கு இதனால் நேரும் இழப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. செய்தி சர்வருக்குள் புகுவதும் வெளியேறுவதும் ஒரே வாயில் வழியாகத்தான். அந்த வாயிலே நெட்வொர்க் கார்டு.

ஏலக்கூடத்திற்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் பள்ளிகள், மருத்துவமனைகள், தேயிலைத் தொழிற்சாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் எனச் சர்வரை நம்பி நடக்கும் நிலையங்கள் பல இருக்கக்கூடும். மலைப்பகுதியில் புதிய கார்டு ஒன்று வேண்டுமாயின் கொச்சியிலிருந்தோ, கோயம்புத்தூரிலிருந்தோ, மதுரையிலிருந்தோதான் வரவழைக்க நேரும். அது வந்து சேர்ந்த பின்னர், பழுது கார்டில் இல்லை, கேபிளின் முனையில்தான் இருந்தது என்று தெரிந்தால், அத்தனை நாளும் வீணே. ஆகவே பொருத்துவதில் கவனமும், பழுது தேடுவதில் ஒழுங்கும் இங்கு இருமடங்கு தேவையாகின்றன.

கார்டு செய்யும் வேலை

கணினிக்குள் செய்திகள் எண்களாக இயங்குகின்றன. கம்பியில் அவை மின்துடிப்புகளாகவும், கண்ணாடி இழையில் ஒளித்துடிப்புகளாகவும் செல்லவேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வதே கார்டின் முதல் வேலை. தனக்கென அனுப்பப்பட்ட செய்தியை மட்டும் ஏற்று, வழியில் சிதைந்தவற்றைத் தள்ளுவது இரண்டாவது வேலை. இதற்காக ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் நீளமுள்ள எண் ஒன்று பதிக்கப்படுகிறது. இதனை மேக் முகவரி என்பர். இதன் முற்பாதியான 24 பிட்டுகள் பொதுவாகத் தயாரிப்பாளரைக் குறிக்கும்.

இம்முறை ஈதர்நெட் எனப்படும். அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இராபர்ட் மெட்காஃப் என்பவர் 1973-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் எழுதிய குறிப்பில் இதனை விவரித்தார். டேவிட் பாக்ஸ் என்பவர் அவருடன் சேர்ந்து இதனை உருவாக்கினார். ஒளி பரவுவதற்கு ஊடகமாக இருப்பதாக முன்னாளில் விஞ்ஞானிகள் கருதிய 'ஈதர்' என்னும் பொருளின் பெயரே இதற்கு இடப்பட்டது. அன்றைய வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட். 1983-இல் 10 மெகாபிட் வேகத்துடன் இது பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. 1999-இல் சாதாரணச் செப்புக் கேபிளிலேயே 1,000 மெகாபிட் வேகத்துக்குத் தரம் வகுக்கப்பட்டது. இன்று சர்வர்களில் வினாடிக்கு 10,000 மெகாபிட் செலுத்தும் கார்டுகளும் சாதாரணமாகிவிட்டன.

இடம் தெரிதல்

கார்டைச் செருகும் இடத்தை ஸ்லாட் என்பர். இக்காலச் சர்வர்களில் உள்ளவை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் செய்தி செல்லும் தடங்கள் ஒன்று, நான்கு, எட்டு, பதினாறு என அமையும். இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டில் ஒரு தடம் வினாடிக்கு 500 மெகாபைட்டையும், மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 985 மெகாபைட்டையும் ஒரு திசையில் செலுத்தும். 10,000 மெகாபிட் கார்டு முழு வேகத்தில் இயங்க 1,250 மெகாபைட் தேவை. எனவே அதனை ஒற்றைத் தடமுள்ள இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டில் பொருத்தினால், பாதி வேகமும் கிட்டாது. கார்டில் குறை ஒன்றும் இராது. ஆயினும் பழி அதன்மேல் விழும்.

நீளத்தைக் கண்டு ஸ்லாட்டை மதிப்பிடலாகாது. நீண்ட ஸ்லாட்டிலும் நான்கு தடங்கள் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கலாம். மேலும், இரண்டு பிராசசர்களுக்கு இடமுள்ள சர்வர்களில் சில ஸ்லாட்டுகள் இரண்டாவது பிராசசரோடு இணைந்திருக்கும். அது பொருத்தப்படாத சர்வரில் அந்த ஸ்லாட்டுகள் உயிரற்றவை. அங்குச் செருகிய கார்டு எவ்வளவு நல்லதாயினும் கணினியின் கண்ணில் படாது. சர்வரின் கையேட்டை முதலில் படிப்பவர் இவ்விரு தொல்லைகளினின்றும் தப்புவர்.

பொருத்தும் முறை

சர்வரை முறைப்படி நிறுத்திய பின்னரும், மின்கம்பி செருகியிருக்கும் வரையில் உள்ளே சிறிதளவு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சர்வர்களில் பெரும்பாலும் இரண்டு மின்வழங்கிகள் உண்டாகையால், இரு கம்பிகளையும் கழற்றவேண்டும்.

அடுத்து எச்சரிக்கை வேண்டுவது நிலைமின்சாரத்தைப் பற்றி. மனித உடலில் ஏறிய மின்னழுத்தம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டினாலன்றி விரல் நுனியில் அதிர்ச்சியை உணர மாட்டோம். ஆனால் சில நுண்ணிய மின்னணு உறுப்புகள் 100 வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்திலேயே சேதமடையும். ஆகவே நாம் அறியாமலேயே கார்டைக் கெடுத்துவிடக்கூடும். காற்று வறண்டிருக்கும்போது இந்த அபாயம் மிகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுவதை அப்பகுதியினர் நன்கு அறிவர். கார்டைக் கையாளுவதில் மிகுந்த கவனம் வேண்டிய காலம் அதுவே. மணிக்கட்டில் கட்டும் பட்டையைச் சர்வரின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியோடு இணைத்துக்கொண்டு, கார்டை அதன் ஓரங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும். பொன்முலாம் பூசிய இணைப்பு வரிகளைத் தொடலாகாது.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறு போன்ற இடங்களில் தொல்லை வேறு வகையானது. குளிர்ந்த இடத்திலிருந்த கார்டை, வெப்பமும் ஈரமும் மிக்க அறைக்குக் கொண்டுவந்து உடனே பிரித்தால், குளிர்ந்த கண்ணாடியின்மேல் படிவது போல அதன்மேல் நீர்த்துளிகள் படியும். ஆகவே உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறையில் வைத்திருந்து, பின்னர் பொருத்துதல் நலம்.

கார்டை நேராக வைத்து, இருபுறமும் சமமாக அழுத்தி, திருகாணியால் இறுக்க வேண்டும். சாய்வாகச் செருகிய கார்டு சில நாள் ஒழுங்காக இயங்கி, பின் அவ்வப்போது நின்றுபோகும். இத்தகைய விட்டுவிட்டு வரும் பழுதே கண்டுபிடிக்க மிகக் கடினமானது.

பழுது தேடும் வரிசை

இணைப்பு அறுந்ததும் கார்டை மாற்றத் துணிவது பலர் வழக்கம். கண்ணால் காணக்கூடியதிலிருந்து தொடங்கி, படிப்படியாக உள்ளே செல்வதே முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை மாற்றினால், குணமாகியது எதனால் என்று அறிய இயலாது.

முதலாவது, கேபிள் செருகும் துளையருகே உள்ள சிறு விளக்கு. அது எரியாவிடில் கேபிள், அதன் முனை, மறுமுனையிலுள்ள ஸ்விட்சு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். செப்புக் கேபிளின் நீளம் 100 மீட்டரை மிஞ்சலாகாது. நன்றாக இயங்குவதாக அறிந்த கேபிளொன்றை மாற்றிச் செருகிப் பார்ப்பதே எளிய சோதனை. ஒளியிழையாயின், இரு முனைகளிலும் உள்ள ஒளிச் சாதனங்கள் ஒரே வகையினவா என்று காண்க. ஒளி வருகிறதா என்று இழையின் முனையை உற்றுப் பார்ப்பது கூடவே கூடாது; அக்கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

இரண்டாவது, கணினி கார்டைக் காண்கிறதா என்பது. லைனக்ஸ் இயங்குமுறையில் 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்னும் கட்டளை ஸ்லாட்டுகளில் உள்ளவற்றைப் பட்டியலிடும். பட்டியலில் கார்டு இல்லையேல், அது சரியாக அமரவில்லை, அல்லது ஸ்லாட் உயிரற்றது, அல்லது கார்டே கெட்டுவிட்டது. வேறு ஸ்லாட்டிலும் தோன்றாவிடில், கார்டைச் சந்தேகிக்க அப்பொழுதுதான் நியாயம் ஏற்படுகிறது.

மூன்றாவது, டிரைவர் எனப்படும் இயக்கு நிரல். பட்டியலில் கார்டு இருந்தும் இணைப்பின் பெயர் தோன்றாவிடில், ஏற்ற டிரைவர் இல்லை என்பது பெரும்பாலும் உண்மை.

நான்காவது, பெயரும் முகவரியும். இன்றைய லைனக்ஸ் வகைகளில் பெரும்பாலும் ஸ்லாட்டின் இடத்தைக் கொண்டே இணைப்புக்குப் பெயரிடப்படுகிறது. கார்டை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினால் பெயரும் மாறிவிடும். பழைய பெயருக்கு எழுதிவைத்த அமைப்புகள் பயனற்றுப் போகும். அதுபோலவே, புதிய கார்டின் மேக் முகவரி வேறாகையால், பழைய முகவரிக்கென ஒதுக்கிய ஐ.பி. எண் அதற்குக் கிட்டாது. "புதுக் கார்டும் கெட்டது" என்று திருப்பி அனுப்பப்படுவனவற்றுள் குற்றமற்றவையும் உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

ஐந்தாவது, இணைப்பு இருந்தும் வேகம் குன்றுதல். 'ஈத்-டூல்' என்னும் கருவி நிரல் இணைப்பின் வேகத்தையும், சிதைந்து வந்த செய்திகளின் எண்ணிக்கையையும் காட்டும். அவ்வெண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிளையும் அதன் முனைகளையும் ஐயுற வேண்டும். பழைய 100 மெகாபிட் சாதனங்களில் வேறொரு காரணமும் உண்டு. இரு முனைகளும் தம்முள் பேசி வேகத்தை முடிவு செய்துகொள்வது வழக்கம். ஒரு முனையில் மட்டும் கையால் இருவழிப் போக்கு என்று நிலைநிறுத்தினால், மறுமுனை மறுமொழி கிடைக்காமல் ஒருவழிப் போக்குக்கு இறங்கிவிடும். இருவர் பேசும்போது ஒருவர் மட்டும் இடைவிடாது பேசினால் ஏற்படும் குழப்பமே அங்கும் ஏற்படும். இரு முனைகளையும் தாமே முடிவு செய்ய விடுதல் சிறந்தது.

இடியும் மின்னலும்

இம்மலைப்பகுதிகளில் கார்டுக்குப் பெரும் பகை மின்னலே. கேரளத்தில் சித்திரை, வைகாசி மாதங்களிலும், பின்னர் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடிமழை பெய்வது வழக்கம். மின்னல் சர்வரின்மேல் விழ வேண்டும் என்பதில்லை. அருகில் எங்கேனும் விழுந்தாலும், நீண்ட செப்புக் கம்பியில் உயர்ந்த மின்னழுத்தம் தூண்டப்படும். ஈதர்நெட் இணைப்பின் மின்காப்பு 1,500 வோல்ட்டைத் தாங்குமாறு வகுக்கப்பட்டுள்ளது. மின்னலின் தாக்கம் அதனை எளிதில் மிஞ்சிவிடும்.

தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து அலுவலகக் கட்டடத்துக்குத் திறந்தவெளியில் செப்புக் கேபிளை இழுத்துச் செல்வது இக்காரணத்தால் தவறு. கட்டடத்திற்கும் கட்டடத்திற்கும் இடையே ஒளியிழையே ஏற்றது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் எஃகுக் கவசமிட்ட ஒளியிழைக் கேபிளாயின், அந்தக் கவசத்தை முறைப்படி நிலத்தோடு இணைக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட கேரள அரசின் ஒளியிழை வலையமைப்பு மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே ஊர்களுக்குச் செல்கிறது. வாசல்வரை ஒளியிழை வந்த பின்பு, வளாகத்துக்குள் மீண்டும் நீண்ட செப்புக் கம்பியை வெளியே இழுப்பது பாதுகாப்பைக் கைவிடுவதாகும்.

இடிமழைக்குப் பின் இணைப்பு அற்றிருந்தால், மேற்கூறிய வரிசையிலேயே சோதனை செய்யலாம். ஆயின் அப்பொழுது கார்டோடு ஸ்விட்சின் துளையையும் சோதிக்க வேண்டும். கெட்ட துளையில் நல்ல கார்டை இணைத்துப் பார்த்து, அதனையும் கெட்டதாகத் தள்ளிவிடக் கூடாது.

இரண்டாவது வாயில்

நின்றுபோகக் கூடாத பணிகளுக்கு ஒரு வாயில் போதாது. இரண்டு கார்டுகளைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஸ்விட்சோடு இணைத்து, ஒன்று நின்றால் மற்றது தானே பணியேற்குமாறு அமைக்கலாம். ஒரே கார்டிலுள்ள இரு துளைகளைப் பயன்படுத்தினால் கேபிள் பழுதுக்கு மட்டுமே காப்பு. கார்டு கெட்டால் இரண்டும் நிற்கும். அமைத்தபின், ஓய்வு நேரத்தில் ஒரு கேபிளைக் கழற்றிப் பார்த்து, பணி தொடர்கிறதா என்று உறுதி செய்தல் வேண்டும். சோதிக்கப்படாத காப்பு காப்பாகாது.

இவையன்றி, செலவில்லாத காப்பு ஒன்றும் உண்டு. எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு, அதன் மேக் முகவரி, டிரைவர், ஸ்விட்சின் எத்தனையாவது துளை, மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதனைச் சர்வரின் அருகிலேயே வைத்தல். மழைக்காலத்தில் மலைச்சாலை அடைபட்டு, வல்லுநர் வர இயலாத நாளில், அங்குள்ள ஊழியர் ஒருவர் அந்த ஏட்டையும் மேற்கூறிய வரிசையையும் துணைகொண்டு பழுதைத் தாமே கண்டறிய முடியும். மறுநாள் ஏலம் குறித்த நேரத்தில் தொடங்குவதற்கு அதுவே போதுமானதாக இருக்கக்கூடும்.