பரணில் கிடக்கும் துவக்கு

தெரணியகலைத் தோட்டப் பக்கம் பன்றித் தொல்லையைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த மரவள்ளிப் பாத்தியை ஒரே ராத்திரியில் கிண்டிப் போட்டுவிடும். அந்த ஆத்திரத்தில்தான் தாத்தா காலத்துத் துவக்கு பரணை விட்டு இறங்குகிறது.

அப்படி இறங்கிய ஒன்றை ஒரு லயத்தில் பார்த்தேன். விசைக்குக் கீழே நீண்ட இரும்புப் பிடி. அதைக் கீழே தள்ளினால் தோட்டா போடும் வாய் திறக்கும். 1871இல் பிரித்தானியப் படைக்கு வந்த மார்ட்டினி-ஹென்றி இந்த வகை. அமெரிக்க வின்செஸ்டருக்கும் இப்படி ஒரு பிடி உண்டு. நான் பார்த்ததில் மரக்கட்டை பிளந்து, செம்புக் கம்பி சுற்றியிருந்தது. மேலே பளபளவென்று எண்ணெய். குழலுக்குள் டோர்ச் அடித்தால் மறுமுனை தெரியவில்லை: மண்குளவி கூடு கட்டியிருந்தது. “கொல்லர்கிட்ட குடுத்துச் சரி பண்ணிடலாங்க” என்றார் வீட்டுக்காரர்.

அந்தக் கைப்பிடி மண்ணே போதும், சுடும்போது குழல் வெடித்து முகத்தைக் கிழிக்க. மண்ணை எடுத்துவிட்டாலும் ஆபத்து தீராது. கரும்பொடி மருந்துக்கென்று செய்த பழைய குழலில், அதிக அழுத்தம் தரும் இக்காலத் தோட்டாவைப் போட்டால் இரும்பு தாங்காது. உள்ளே தேய்ந்த கொக்கி, துவக்கு கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே விடுபடும். நம் ஊர் மழையில் துரு வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே தின்றிருக்கும். எண்ணெய் பூசினால் இதெல்லாம் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்திரம் ஆளின் பெயருக்குத்தான். தாத்தாவின் பத்திரம் பேரனைக் காப்பாற்றாது. துவக்குப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் அனுமதி தேவை. ஆகவே கொல்லரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

அப்படியானால் பத்திரமில்லாத துவக்கை என்ன செய்வது? அதைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், ஆற்றிலும் வீசாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அண்ட விடாமல், முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்காகவே 1978இல் உண்டானது அது. பிறகு சட்டத்தரணி மூலமாகவோ கிராம உத்தியோகத்தர் மூலமாகவோ பொலிஸுக்குச் சொல்லி, ஒப்படைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வழக்கே வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் தானாகச் சொன்னவர் நிலையும் சோதனையில் பிடிபட்டவர் நிலையும் ஒன்றல்ல. அரசு பொது மன்னிப்புக் காலம் அறிவித்தால் அதைத் தவற விடாதீர்கள்.

பொலிஸில் தமிழில் பேச உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்து விளக்கச் சொல்லுங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரணச் சட்டத்தின்கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது கட்டுத்துவக்கு. பன்றித் தடத்தில் குழாயை முளையில் கட்டி, குறுக்கே மெல்லிய கம்பி இழுத்து வைக்கிறார்கள். விறகுக்குப் போகிறவரின் காலுக்கும் பன்றியின் காலுக்கும் அந்தக் கம்பிக்கு வித்தியாசம் தெரியாது. அடிபட்டால் சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்திக்கொண்டே 1990க்கு அழையுங்கள்; அந்த அம்பியூலன்ஸ் இலவசம். வைத்தவர் பக்கத்து லயத்துக்காரர் என்பதற்காக ஆஸ்பத்திரியில் “கம்பு குத்தியது” என்று சொல்லாதீர்கள். வைத்தியம் தவறிப்போகும். கொழுந்து மலையில் வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், அந்த விசாரணையில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும்.