அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம் என்று ஊரே கல்யாண வீடாகிவிடும். பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். பிள்ளைவரம் வேண்டுவோர் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். அன்று எல்லார் வாயிலும் புனிதவதி, இல்லையென்றால் அம்மையார். ஆனால் அந்த அம்மை தன் பாட்டில் தானே எழுதிவைத்த பெயர் வேறு: காரைக்கால் பேய்.

தேவார மூவருக்கும் முந்தியவர் அவர். ஆறாம் நூற்றாண்டை ஒட்டியவர் என்பார்கள். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, இரண்டு மூத்த திருப்பதிகங்கள் என்று பதினோராம் திருமுறையில் 143 பாடல்கள் அவருடையவை. திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடும்போது, குழி விழுந்த கண்ணும் புடைத்த நரம்புமாய் அலையும் பெண்பேயைக் கூசாமல் காட்டுகிறார். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகவே தன்னையும் வைத்துக் கையெழுத்திடுகிறார். அன்று அதில் இழிவு எதுவும் யாருக்கும் படவில்லை. சுந்தரர் அடியார் வரிசையில் அவரைப் 'பேயார்' என்றே மதிப்போடு வணங்குகிறார்.

புனிதவதி என்ற பெயரை நமக்குத் தந்தவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். தூய்மை உடையவள் என்று பொருள்படும் பெயர். வணிகர் தனதத்தனின் செல்ல மகளுக்குப் பொருத்தமானதுதான். இறைவன் தந்த மாங்கனியைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் இன்னொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தான். தேடி வந்த மனைவியின் காலில் குழந்தையோடு விழுந்தான். அவன் பொருட்டுச் சுமந்த உடல் இனி எதற்கு என்று அவர் பேயுருவை வேண்டிப் பெற்றது அதன் பிறகே. தலையால் நடந்து கயிலை ஏறியவரை இறைவன் 'அம்மையே' என்று அழைத்தான் என்கிறது பெரியபுராணம்.

கிரேக்கப் புராணத்திலும் ஒரு கனி ஒரு பெண்ணின் வாழ்வைத் திருப்புகிறது. பயிர்த்தெய்வம் தெமெத்தரின் மகளைக் 'கோரே' என்பார்கள். கன்னிப்பெண் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பாதாள வேந்தன் ஹேடீஸ் அவளைக் கவர்ந்து போய் மாதுளை முத்தை உண்ண வைக்கிறான். அதன்பின் அவள் இறந்தோர் உலகின் அரசி பெர்செஃபோனி. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவே மக்கள் தயங்கினார்கள். நம் அம்மையை யாரும் தூக்கிப் போகவில்லை. சுடுகாட்டுக்குத் தானே நடந்தார், பெயரையும் தானே எடுத்துக்கொண்டார். எனக்கு இது எந்தப் புராண அற்புதத்தையும்விடப் பெரியதாகப் படுகிறது.

சோழர் காலச் சிற்பிகளுக்கு இது புரிந்திருந்தது. எலும்பும் தோலுமாய், கையில் தாளத்தோடு, முகம் மலர்ந்து அவர் அமர்ந்திருக்கும் செப்புத்திருமேனி ஒன்று இன்று அமெரிக்காவில், கான்சாஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயில்களில் நிற்கும் அறுபத்துமூவர் வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் அவரே. இன்றைய திருவிழாக் கூட்டமோ கல்யாணக் கோலத்துப் புனிதவதியிடமும் மாம்பழத்திடமும் நின்றுவிடுகிறது. கல்யாணம் இருக்கட்டும், மாம்பழமும் இருக்கட்டும். அவர் கவி என்பது மறந்துபோகக் கூடாது.

அடுத்த ஆனியில் காரைக்காலுக்குப் போகிறவர்கள், பழம் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும், அற்புதத் திருவந்தாதியில் பத்துப் பாட்டையாவது பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். பாடியவர் பெயரைக் கேட்டால், அவர் சொன்ன பெயரையே சொல்லுங்கள்.