நீந்தியவர் வீரரா, உடையா?

2009-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் ரோம் நகரில் நடைபெற்ற உலக நீச்சற் போட்டியில், ஆண்களுக்கான 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பந்தயத்தை ஜெர்மனியைச் சேர்ந்த பால் பீடர்மன் என்பவர் 1 நிமிடம் 42.00 வினாடியில் முடித்து முதலிடம் பெற்றார். அவருக்கு 1.22 வினாடி பின்னதாகச் சுவரைத் தொட்டவர், முந்திய ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 8 தங்கப் பதக்கங்களை வென்ற அமெரிக்கராகிய மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஆவார். இதே பந்தயத்தில் ஃபெல்ப்ஸ் பெய்ஜிங்கில் நிலைநாட்டிய 1 நிமிடம் 42.96 வினாடி என்னும் உலக சாதனையும் அன்றோடு மறைந்தது. பெய்ஜிங்கில் ஐந்தாம் இடத்தையே பெற்றிருந்த பீடர்மன், ஓராண்டிற்குள் ஏறத்தாழ 4 வினாடிகளைக் குறைத்துக்கொண்டது எவ்வாறு? அவருடைய பயிற்சியைக் காட்டிலும், தோள் முதல் கணுக்கால் வரை அவர் உடலை மூடியிருந்த பாலியூரித்தேன் உடையைப் பற்றியே அதன் பின்னர் மிகுதியும் பேசப்பட்டது.

நீரின் இயல்பை அறிந்தாலன்றி இவ்விவாதம் விளங்காது. நீரானது காற்றைப்போல் சுமார் 800 மடங்கு அடர்த்தியுடையது. நீந்துவோரை அது மூன்று வகைகளில் தடுக்கிறது. உடலின் மேற்பரப்பில் உராய்வதால் ஏற்படும் தடை ஒன்று. உடலின் வடிவத்தால் முன்புறம் அழுத்தம் மிகுந்தும் பின்புறம் குறைந்தும் போவதால் உண்டாகும் தடை மற்றொன்று. நீர்ப்பரப்பில் அலைகளை எழுப்புவதில் ஆற்றல் வீணாவது மூன்றாவது. பெரிய தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, விறைப்பாக வைத்த கையை விரல்கள் முன்னோக்க ஒருமுறையும், உள்ளங்கை முன்னோக்க ஒருமுறையும் நகர்த்திப் பார்க்கும்படி மாணவர்களிடம் கூறினால், வடிவத்தால் விளையும் தடையை அவர்கள் நேரில் உணர்வர். வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதையும் அப்போதே எடுத்துக்கூறலாம்.

எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், அதனை வெல்வதற்கு வேண்டிய திறன் வேகத்தின் கனத்திற்கேற்ப வளர்கிறது. ஆகவே வேகத்தை நூற்றுக்கு ஒரு பங்கு உயர்த்த விரும்பும் வீரர் திறனை நூற்றுக்கு மூன்று பங்கு உயர்த்த வேண்டும். உலகத் தரமுடையவர்க்கு அது ஆண்டுக்கணக்கான உழைப்பு. இதையே மறுபுறமாக நோக்கினால், நீரின் எதிர்ப்பு நூற்றுக்கு மூன்று பங்கு குறையுமாயின், அதே திறனைக் கொண்டு நூற்றுக்கு ஒரு பங்கு வேகம் மிகும். 200 மீட்டர் பந்தயத்தில் அதன் மதிப்பு ஏறக்குறைய ஒரு வினாடி. ஃபெல்ப்ஸின் சாதனைக்கும் பீடர்மனின் சாதனைக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.96 வினாடியே என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இத்தடையைக் குறைக்க உடை தயாரிப்போர் முயன்று வந்தது புதிதன்று. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின்போது, சுறாமீனின் தோலைப் பின்பற்றி நெய்யப்பட்டவை என்ற விளம்பரத்துடன் ஸ்பீடோ நிறுவனத்தின் முழு உடைகள் வந்தன. சுறாவின் தோலில் நுண்ணிய பற்கள் போன்ற செதில்கள் உண்டு. ஆனால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2012-இல் வெளியிட்ட சோதனைகளில், உண்மையான சுறாத்தோல் வேகத்திற்கு உதவியதே தவிர, இவ்வகைத் துணியின் மேற்பரப்பு அவ்வாறு உதவியதாகத் தெரியவில்லை. விளம்பரத்தில் கூறப்பட்ட காரணம் ஒன்றாகவும், உடை பயன் தந்த காரணம் வேறொன்றாகவும் இருப்பது அரிதன்று.

2008 பிப்ரவரியில் அந்நிறுவனம் வெளியிட்ட 'எல்.இஸட்.ஆர். ரேசர்' என்னும் உடையின் துணிகள், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் லாங்லி ஆராய்ச்சி நிலையத்துக் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டவை. தையலுக்குப் பதிலாகப் புறவொலி அலைகளைக் கொண்டு அதன் மூட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. இன்றியமையாத இடங்களில் பாலியூரித்தேன் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. இறுக்கிப் பிடித்த அவ்வுடையை அணிந்து முடிக்கவே இருபது நிமிடம் அல்லது அதற்கு மேலும் ஆகும். தசைகளை அமுக்கி உடலை ஒழுங்கான குழாய்போல் நிறுத்தியதே அதன் தலையாய பயன் எனலாம். களைப்பினால் இடுப்புத் தாழும் இறுதிக் கட்டத்திலும் உடலின் வடிவம் குலையாதிருந்தது. பெய்ஜிங் குளத்தில் 25 உலக சாதனைகள் நிகழ்ந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இவ்வுடையை அணிந்தவர்களால் ஏற்பட்டவை.

பிற நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த நாடுகள் தடுமாறின. ஜப்பானிய வீரர் கொசுகே கிட்டாஜிமா 2008 ஜூனில் இவ்வுடையை அணிந்து 200 மீட்டர் மார்பு நீச்சலில் 2 நிமிடம் 7.51 வினாடி என்னும் உலக சாதனையை ஏற்படுத்தினார். அதே போட்டியின்போது, நீந்துபவன் நானே என்று பொருள்படும் வாசகம் பொறித்த சட்டையுடன் அவர் காணப்பட்டார். உடையைப் பற்றியே ஊரெல்லாம் பேசிய நாளில் வீரர் ஒருவருக்கு இருந்த மனக்குறையை அச்சட்டை எவருக்கும் விளங்கும்படி கூறிற்று.

அடுத்த ஆண்டில் ஏனைய நிறுவனங்கள் உடை முழுவதையும் பாலியூரித்தேனால் ஆக்கின. நீரை உட்புகவிடாத அவ்வுடைகள் உடலைச் சற்று மேலே மிதக்கச் செய்தன. உடல் உயர்ந்தால் நீரில் அமிழ்ந்த பகுதி சுருங்கும்; தடையும் சுருங்கும். இங்குதான் நியாயம் பற்றிய வினா எழுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவு உதவி கிட்டுமாயின் காலங்கள் குறையுமேயன்றி வரிசை மாறாது. ஆனால் இயல்பாகவே நேராக மிதக்கும் மெலிந்த உடலைவிட, தசை கனத்துத் தாழ்ந்து நீந்தும் உடலுக்கு இவ்வுடை அதிகம் உதவக்கூடியது. அந்நிலையில் கடிகாரம் அளப்பது வீரரை மட்டுமன்று. மேலும், 2008-இல் முழு உடை ஒன்றின் விலை சுமார் 500 டாலர். சிலமுறை அணிந்தபின் அதன் இறுக்கம் தளர்ந்துவிடும். பொருள்வசதி குறைந்த நாட்டுச் சிறுவர்க்கு அது எட்டாத ஒன்று.

சர்வதேச நீச்சல் சம்மேளனம் 2009 ஜூலை 24-இல், அதாவது பீடர்மனின் வெற்றிக்கு நான்கு நாள் முன்பே, இவ்வுடைகளை விலக்க ஏறக்குறைய ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது. எனினும் தீர்மானம் 2010 ஜனவரி முதல் நாளன்றே நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே ரோமில் மட்டும் எட்டு நாளில் 43 உலக சாதனைகள் நிகழ்ந்தன. உடைகள் விலக்கப்படும்வரை ஃபெல்ப்ஸைச் சர்வதேசப் போட்டிகளுக்கு அனுப்பப்போவதில்லை என்று அவருடைய பயிற்சியாளர் பாப் பௌமன் எச்சரித்தார். ஓராண்டிற்கு முன் புதிய உடையின் பயனைத் தாமே துய்த்தவர் தரப்பிலிருந்து இக்குறை எழுந்ததும் கவனிக்கத்தக்கதே. பீடர்மனோ உடையின் உதவியை மறைக்கவில்லை. தடைக்குப் பின்னரும் 2011, 2015 ஆகிய உலகப் போட்டிகளில் இதே பந்தயத்தில் வெண்கலம் பெற்ற அவரை, உடையால் மட்டுமே உயர்ந்தவர் என்பது பொருந்தாது.

புதிய விதிப்படி உடை நெய்த துணியாலாயதாக இருத்தல் வேண்டும். ஆடவர்க்கு இடுப்பு முதல் முழங்கால் வரை, மகளிர்க்குத் தோள் முதல் முழங்கால் வரை, கனம் 0.8 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. மிதப்பு விசை 0.5 நியூட்டனுக்கு, அதாவது சுமார் 50 கிராம் எடையைத் தாங்கும் அளவிற்கு, மேற்படலாகாது. வேண்டிய விதியே இது. ஆயினும் இரண்டாண்டு தாமதித்து வந்தது. பழைய சாதனைகள் எவ்விதக் குறிப்புமின்றிப் பட்டியலிலேயே விடப்பட்டமையால், அடுத்த தலைமுறையினர் துணி உடையில் நின்று ரப்பர் போன்ற உடையின் காலத்தை எதிர்த்து நீந்தவேண்டியதாயிற்று.

தடைக்குப் பின் நீண்ட குளத்தில் முதல் உலக சாதனை 2011 ஜூலையில் ஷாங்காயில் அமெரிக்கர் ரையான் லாக்டியால் 200 மீட்டர் கலப்பு நீச்சலில் ஏற்பட்டது. ரோமில் பிரேசில் வீரர் சீசர் சியெலோ 100 மீட்டரை நீந்திய 46.91 வினாடியை, ருமேனிய இளைஞர் டேவிட் பொப்பொவிச்சி 2022 ஆகஸ்டில் அதே ரோமில் 46.86 வினாடியாகக் குறைத்தார். பீடர்மன் 2009-இல் 400 மீட்டரில் பெற்ற 3 நிமிடம் 40.07 வினாடியை, அவர் நாட்டவரே ஆகிய லூக்காஸ் மார்ட்டென்ஸ் 2025 ஏப்ரலில் 3 நிமிடம் 39.96 வினாடியாக்கினார். குறைந்தது 0.11 வினாடி, சென்றது ஏறத்தாழ 16 ஆண்டு. பீடர்மனின் 200 மீட்டர் சாதனை அப்போதும் முறியடிக்கப்படாமலே இருந்தது.