இரவு 9 மணிக்கு வாசலில் ஒரு குரல்! — வத்திராயிருப்பு விஞ்ஞானியின் கதை

கல்கத்தா நகரம். 1928-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ந் தேதி. இரவு சுமார் 9 மணி.

ஒரு வீட்டின் மாடி அறையில் இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டு இருந்தார்கள். சாப்பாடு முடிந்துவிட்டது. தூங்கப் போகும் நேரம். அப்போது வாசலில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. இருவரும் இறங்கி வந்து பார்த்தார்கள்.

வாசலில் நின்றவர் அவர்களுடைய பேராசிரியர் சி. வி. ராமன்!

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று காலையில் ஆராய்ச்சிக் கூடத்தில் பார்த்த ஒளி சாதாரண ஒளி அல்ல, இத்தனை நாளாகத் தேடிக்கொண்டு இருந்தது அதுதான் என்று சொல்லத்தான் ஓடி வந்திருந்தார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவரால் பொறுத்திருக்க முடியவில்லை. வீட்டுக்கு முன்னால் நின்றபடியே கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் தேடி வந்த இளைஞருக்கு வயது 29. பெயர் கே. எஸ். கிருஷ்ணன். முழுப் பெயர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். அன்று நடந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதனால்தான் இந்தக் காட்சி நமக்குத் தெரிகிறது.

அவருக்குச் சொந்த ஊர் எது தெரியுமா? நம் வத்திராயிருப்பு!

மலை அடிவாரத்துப் பையன்

சதுரகிரி மலைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் வத்திராயிருப்பு தெரியும். அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் கூட்டமாக அந்த வழியே போகிறார்கள். மேற்கே மலை. கீழே வயலும் தென்னந்தோப்பும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கிக்கொண்டு வத்திராயிருப்பு பஸ் ஏறுகிறவர்கள், இந்த ஊரில் உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானி பிறந்தார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். அப்போது இது திருநெல்வேலி ஜில்லா. பிறகு ராமநாதபுரம் ஜில்லா. இன்று விருதுநகர் மாவட்டம். தகப்பனார் விவசாயம் பார்த்தவர். தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். பையனின் பள்ளிப் படிப்பு வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் இருந்தார். அவர் பெரிய ஆராய்ச்சியாளர் அல்ல. ஆனால் எதையும் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகமாட்டார். சின்னச் சின்னப் பரிசோதனை செய்து காட்டுவார். பார்த்த பிள்ளைகளுக்கு, இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை பிறந்துவிடும். தமக்கு விஞ்ஞானத்தில் பற்று வந்தது அந்த ஆசிரியரால்தான் என்று கிருஷ்ணன் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் வகுப்பில் கிருஷ்ணன் ஒரு கட்டுரை எழுதினார். கல், இரும்பு போன்ற பொருள்களின் அடர்த்தியைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்வது எப்படி என்பதே அந்தக் கட்டுரை.

அடர்த்தி என்றால் என்ன? ஒரு பொருள், அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கிணற்றுக்குள் இருக்கும்வரை வாளி லேசாக இருக்கிறது. தண்ணீரை விட்டு மேலே வந்ததும் கனக்கிறது. தண்ணீருக்குள் எந்தப் பொருளும் எடை குறையும். ஆர்க்கிமிடீஸ் என்ற கிரேக்க அறிஞர் கண்ட உண்மை இது. ஒரு கருங்கல் துண்டு வெளியே 54 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் நிறுத்தால் 34 கிராம்தான் காட்டும். குறைந்தது 20 கிராம். 54-ஐ 20-ஆல் வகுத்தால் 2.7. தண்ணீரைவிட அந்தக் கல் 2.7 மடங்கு கனம்.

பையன் யோசித்த கருவிக்குத் தராசு வேண்டாம். தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கும் ஒரு மூடிய குப்பி. அதற்கு மேலே ஒரு தட்டு. தண்ணீருக்குள் கீழே ஒரு தட்டு. கல்லை முதலில் மேல் தட்டில் வைக்க வேண்டும். பிறகு கீழ்த் தட்டில் வைக்க வேண்டும். இரண்டு தடவையும் குப்பி ஒரே கோடு வரை அமிழ எவ்வளவு எடை சேர்க்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

கட்டுரையைப் படித்த ஆசிரியருக்கு ஆச்சரியம். இதை எங்கிருந்து எடுத்தாய் என்று விசாரித்தார். எல்லாம் நானே யோசித்தது என்றான் பையன். ஆசிரியர் மகிழ்ந்துபோய்ப் பாராட்டினார். இதே கருவி முன்பே இருக்கிறது, அதற்கு நிக்கல்சன் மிதவைமானி என்று பெயர் என்பது கிருஷ்ணனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேறொருவராக இருந்தால், முன்பே ஒருவன் கண்டுபிடித்துவிட்டானே என்று சோர்ந்துபோவார். கிருஷ்ணன் சோரவில்லை. வியப்பும் சந்தோஷமும்தான் ஏற்பட்டதாம்! இந்தக் குணத்தை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மத்தியான வகுப்பு

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். படித்து முடித்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ரசாயனப் பிரிவில் சோதனைகள் செய்து காட்டும் வேலை கிடைத்தது.

அங்கே அவர் ஒரு காரியம் செய்தார். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டிவைத்துப் பேசுவார். பௌதிகமோ, ரசாயனமோ, கணிதமோ, யார் வேண்டுமானாலும் எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். அது பரீட்சைக்கான பாடம் அல்ல. மாணவர்கள் தாங்களாகவே வந்தார்கள். செய்தி பரவி, மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்களாம்! ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாங்கியதை அவர் சென்னையில் திருப்பிக் கொடுத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிறகு அவர் கல்கத்தாவுக்குப் போனார். 1923-ல் ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

பச்சை ஒளி எங்கிருந்து வந்தது?

அந்தப் பிப்ரவரி மாதம் நடந்த சோதனையைச் சொல்கிறோம். கேளுங்கள்.

வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. மழை நாளில் வானவில்லில் அவை பிரிந்து தெரிகின்றன. இந்த வெயிலைக் கண்ணாடி வில்லையால் குவித்து, ஒரு ஊதாக் கண்ணாடி வழியாக அனுப்பினார்கள். ஊதா ஒளி மட்டும் மறுபக்கம் வரும். மற்ற நிறங்கள் நின்றுவிடும். அந்த ஒளியை ஒரு குப்பியில் உள்ள தெளிவான திரவத்துக்குள் விட்டார்கள். திரவத்தில் பட்ட ஒளி பக்கவாட்டில் கொஞ்சம் சிதறும். சிதறும் ஒளியைப் பார்க்கும் இடத்தில் இன்னொரு கண்ணாடியை வைத்தார்கள். இது பச்சைக் கண்ணாடி. இதில் ஊதா நுழையவே நுழையாது.

அப்படியானால் பார்ப்பவர் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும்? ஒன்றும் தெரியக் கூடாது. இருட்டாக இருக்க வேண்டும்.

ஆனால் மங்கலாக ஒளி தெரிந்தது! ஊதாவாக உள்ளே போன ஒளியில் ஒரு துளி, நிறம் மாறி வெளியே வந்திருக்கிறது!

திரவத்தில் அழுக்கு இருந்தாலும் இப்படி ஒளிரக்கூடும். பல வருஷங்களுக்கு முன்பே இந்த மங்கல் ஒளியை அதே ஆராய்ச்சிக் கூடத்தில் பார்த்திருந்தார்கள். அழுக்கினால் வருகிறது என்றே அப்போது நினைத்தார்கள். கிருஷ்ணன் அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. காற்றை எடுத்துவிட்ட குப்பிகளில் திரவங்களைத் திரும்பத் திரும்ப மெதுவாகக் காய்ச்சி வடித்தார்கள். தூசி தும்பு இல்லாமல் ஆக்கினார்கள். அப்படியும் ஒளி போகவில்லை. ஒரு திரவம், இரண்டு திரவம் அல்ல. சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் தெரிந்தது. அறுபதிலும் ஒரே மாதிரி அழுக்கு இருக்குமா?

காரணம் இதுதான். எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மூலக்கூறுகளால் ஆனது. அவை சும்மா இருப்பதில்லை. அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒளி அவற்றின் மேல் மோதும்போது, தன் சக்தியில் கொஞ்சத்தை அவற்றுக்குக் கொடுத்துவிடுவது உண்டு. சக்தி குறைந்தால் ஒளியின் நிறம் மாறும். எவ்வளவு மாறியது என்று அளந்தால், அது எந்தப் பொருள் என்று சொல்லிவிடலாம். மருந்து சுத்தமா, ரத்தினக் கல் அசலா போலியா என்று இன்று பார்க்கும் கருவிகளில் இந்த முறை பயன்படுகிறது.

பிப்ரவரி 28-ந் தேதி, நிறங்களைப் பிரித்துக் காட்டும் கருவியால் பார்த்தபோது விஷயம் சந்தேகமின்றித் தெளிவாயிற்று. 1987 முதல் அந்தத் தேதியைத்தான் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம்.

யாருடைய பெயர்?

இந்தச் செய்தியை உலகுக்கு அறிவித்த கடிதம், லண்டனில் வெளியாகும் 'நேச்சர்' பத்திரிகையில் 1928 மார்ச் 31-ந் தேதி வந்தது. அதன் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன: ராமன், கிருஷ்ணன்.

1930-ல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் 'ராமன் விளைவு' என்று பெயர் நிலைத்தது.

இது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. 'ராமன்-கிருஷ்ணன் விளைவு' என்று சொல்ல வேண்டும் என்பவர்களும் உண்டு. நாம் என்ன சொல்வது? ராமன் 1921-ல் கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலம் என்று கேட்டுப் புறப்பட்டவர். ஏழு வருஷம் விடாமல் அந்த வழியிலேயே போனவர். தேடல் அவருடையது. அந்தக் கடைசி வாரங்களில் குப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கண்ணும் கையும் கிருஷ்ணனுடையவை. ராமன் இதை மறைக்கவில்லை. தம் நோபல் சொற்பொழிவிலேயே கிருஷ்ணனின் பெயரைச் சொன்னார். ராமனைக் குறைத்துத்தான் கிருஷ்ணனை உயர்த்த வேண்டும் என்பது இல்லை. ஆனாலும், பள்ளிக்கூடத்துப் பாடத்தில் ஒரு வரியாவது கிருஷ்ணனுக்கு வேண்டும் என்பது நம் கட்சி.

கிருஷ்ணன் வழக்குப் பேசிக்கொண்டு நிற்கவில்லை. 1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே புதிதாக வேறு வேலை தொடங்கினார். தலைமயிரைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் படிகத்தைத் தொங்கவிடுவார். காந்தத்துக்கு நடுவே அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளப்பார். அந்தத் திருப்பத்தை வைத்தே, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொன்னார்! பென்சிலுக்குள் இருக்கிறதே கறுப்புப் பொருள், அதையும் பின்னாளில் விடாமல் ஆராய்ந்தார். 1937-ல் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவு செய்ய ரூதர்போர்டே அவரை அழைத்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினர் ஆக்கியது. 1946-ல் 'சர்' பட்டம் வந்தது.

வீசையும் கிலோவும்

1947-ல் டெல்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார் நேரு. அதன் முதல் டைரக்டர் கிருஷ்ணன்தான்.

அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொன்னால் புரியும். அந்தக் காலத்தில் சேர், வீசை, பலம், தோலா என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. 1956-ல் வந்த சட்டத்தால் நாடு முழுவதற்கும் கிலோவும் மீட்டரும் வந்தன. கடைக்காரர் வைக்கும் எடைக் கல் சரியா என்று எதோடு ஒத்துப் பார்ப்பது? அதற்கு ஒரு மூலக் கல் வேண்டும் அல்லவா? பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த, 57 என்று எண் போட்ட ஒரு கிலோ கட்டி டெல்லியில் இந்த ஆராய்ச்சிக் கூடத்தில்தான் காக்கப்பட்டு வந்தது.

1954-ல் பத்மபூஷண் விருது. 1958-ல் பட்நாகர் பரிசு தொடங்கப்பட்டபோது, முதன்முதலில் அதைப் பெற்றவர் கிருஷ்ணனே. பெரிய பதவியில் இருந்தும் தமிழ் இலக்கியமும் சமஸ்கிருதமும் அவரை விட்டுப் போகவில்லை. வேடிக்கையாகக் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

1961-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானார். வயது 62.

அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல் வந்தது. கள்ள ஓட்டைத் தடுக்க, ஓட்டுப் போட்டவர்கள் விரலில் அழியாத மை வைத்தார்கள். இன்றும் வைக்கிறார்கள். அந்த மையின் கலவை அதே டெல்லி ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. 1962-ல் வத்திராயிருப்பில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு வந்தவர்களின் விரலிலும் அந்த மைதான் இருந்தது.